பாதி அடிக்கட்டை

விலை சொல்லத்தான் போனேன்.
டொலீடோவில் நவம்பர், காலை எட்டு மணி.
இரண்டு கொல்லைகளுக்கு நடுவே
வெள்ளி மேப்பிள் ஒன்று
வேலியைத் தின்று நின்றது.
மிகையில்லை. கம்பிவலை
ஒரு பக்கம் பட்டைக்குள் போய்
மறுபக்கம் வெளியே வந்தது.

ரப்பர் சுத்தியால் அடிமரத்தைத் தட்டினேன்.
நல்ல மரம் உடனே பதில் சொல்லும்.
இது பொய் சொல்லப்போகிறவர் போல
கொஞ்சம் தயங்கி, தொண்டையைச் செருமியது.
கவையில் என் கை நுழையும் பிளவு.
வேரோரம் காளான்கள், தட்டுத் தட்டாய்,
யாரோ விருந்துக்கு வராமல் போனது போல.

வெண்டல் ப்ரூயிட்,
வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர்:
"எவ்வளவு?"
சொன்னேன்.
"பாதி அவளுடையது. அவளிடம் கேள்."

இலோனா வார்கா கதவைச் சங்கிலியோடு திறந்தாள்.
"அந்த ஆள் அனுப்பினாரா?"
மரம் அனுப்பியது என்றேன்.

பதினோரு வருடம் முன்பு
ஒரு கிளை ஒரு காரின் மேல் விழுந்தது.
கிளை அவர் பக்கத்தது, கார் அவள் பக்கத்தது,
காற்று யார் பக்கத்தது என்று
காப்பீட்டுக்காரர்களாலும் சொல்ல முடியவில்லை.
அன்றோடு பேச்சு நின்றது.
ஒரே தாளில் இரண்டு கையெழுத்து வாங்க
ஆறு தடவை பனியில் நடந்தேன்.
இருபதடி தூரம்தான்,
தெருவைச் சுற்றிப் போக வேண்டும்.

டிசம்பரில் கோர்டெல் ஏறினான்.
உச்சியில் அவன் ஆரஞ்சுத் தலைக்கவசம்
யாரும் பறிக்காத ஒரே பழம்.
கீழே கயிறு என் கையில்.
ஒவ்வொரு துண்டாய் இறங்கியது:
அவள் பறவைத்தொட்டியைத் தாண்டி,
அவர் எரிவாயு அடுப்பைத் தாண்டி,
ஒரு குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற நிதானத்தில்.
பிறகு அரவை இயந்திரத்தின் வாய்க்குப் போயின.
அந்தச் சத்தத்தில் நிதானம் ஏது.

அடிமரத்தின் நடுவில் ரம்பம் கத்தியது.
தீப்பொறி. சங்கிலிப் பல் நான்கு போயிற்று.
பிளந்து பார்த்தால்
உள்ளே ஒரு இரும்புக் கொக்கி,
துணிக்கொடிக்கோ, ஊஞ்சலுக்கோ அடித்தது.
நாற்பது வளையம் மூடிய ஆழத்தில்.
இருவரும் வெளியே வந்து குனிந்து பார்த்தார்கள்.
உங்களுடையதா என்றேன்.
"எனக்கு முந்தினது" என்றார்.
"எனக்கு முந்தினது" என்றாள்.
பதினோரு வருடத்தில் முதல் ஒற்றுமை,
அதையும் என்னிடம்தான் சொன்னார்கள்.

மரம் போனதும் வெளிச்சம் தடுமாறி உள்ளே விழுந்தது.
அவர் சமையலறையிலிருந்து அவள் சமையலறை தெரிந்தது,
நீலக் கெட்டில் வரைக்கும்.
இருட்டுவதற்குள் இரண்டு சன்னலிலும்
போர்வை தொங்கியது.

அடிக்கட்டையை அரைக்கத் தனிக் கட்டணம்.
அவர் தன் பாதிக்குக் கொடுத்தார்.
அவள் கொடுக்கவில்லை.
நூல் பிடித்து, எல்லைவரை அரைத்து நிறுத்தினேன்.
இருபது வருடத் தொழிலில்
இவ்வளவு அசிங்கமான வேலை செய்ததில்லை.
வெட்டிய கேக் போல, அல்ல,
பாதியில் எழுந்து போன சாப்பாடு போல.

மே மாதம் போன் வந்தது.
"அவள் பக்கம் முளைத்திருக்கிறது.
என் பக்கம் சாய்கிறது. விலை சொல்."
போனேன்.
விரல் தடிமனில் ஏழெட்டுத் தளிர்,
இலையின் அடி வெள்ளையாய்ப் புரண்டது.
முயல் கடிக்காமலிருக்க
யாரோ சுற்றிலும் கோழிவலை நட்டிருந்தார்கள்.
சன்னலில் போர்வை இல்லை, கெட்டில் இருந்தது.

ஆபத்தாக இன்னும் ஐம்பது வருடம் ஆகும்,
அப்போது கூப்பிடுங்கள் என்றேன்.
ப்ரூயிட்டுக்கு எழுபத்தெட்டு.
அவர் சிரிக்கவில்லை.
என் அட்டை தொலைந்துவிட்டதாம்,
இன்னொன்று வாங்கி
சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.